வரம்பு சொல்லாத சட்டம்

2007-ஆம் ஆண்டு எஸ்தோனியாவின் வங்கிகளும் நாளிதழ்களும் அரசு அலுவலகங்களும் கணிப்பொறித் தாக்குதலால் தடுமாறின. குண்டு ஒன்றும் வெடிக்கவில்லை. 2014-இல் வேல்ஸில் கூடிய நேட்டோ தலைவர்கள், இத்தகைய தாக்குதலும் ஐந்தாம் பிரிவின்கீழ் வரக்கூடும் என்று அறிவித்தனர். ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் அனைத்தையும் தாக்கியதாகக் கொள்ளும் பிரிவு அது. எந்த அளவுத் தாக்குதல் என்று கேட்டால், நேரும்போது முடிவு செய்வோம் என்பதே விடை. வரம்பைச் சொன்னால் பகைவன் அதற்குச் சற்றுக் கீழே நின்று தாக்குவானாம்! போர்த் தந்திரத்துக்கு இது பொருந்தலாம், சட்டத்துக்குப் பொருந்துமா?

2022-இல் அல்பேனியாவின் அரசுச் சேவைகள் முடங்கின. அந்நாடு ஈரானைக் குற்றஞ்சாட்டித் தூதரக உறவை முறித்தது. ஐந்தாம் பிரிவைக் கோரவில்லை. அன்று போரைத் தவிர்த்தது ஆட்சியாளரின் நிதானமேயன்றிச் சட்டம் அன்று. மனித உயிர் மாளாத கணிப்பொறித் தாக்குதலுக்குப் படைக்கலம் எடுப்பதில்லை என்று 32 உறுப்பு நாடுகளும் எழுத்தில் உறுதி கூறட்டும்.