பழைய சைக்கிள் வாங்கலாம், பார்த்து வாங்குங்கள்!

ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சக்கரத்தையும் ஆக்சிலையும் சோதித்தே சம்பளம் வாங்கியவன். அப்படிப்பட்ட நானே என் பேரனுக்குப் பழைய சைக்கிள் வாங்கியதில் ஏமாந்தேன் என்பதை முதலிலேயே வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு விடுகிறேன். மற்றவர் வீட்டுப் பிள்ளைகளாவது அடிபடாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன், "தாத்தா, மவுண்டன் பைக் வாங்கிக் கொடுங்க" என்று ஆறு மாதமாக நச்சரித்தான். கடையில் விசாரித்தால் உருப்படியான புதிய வண்டி 20,000 ரூபாயைத் தாண்டியது. பெங்களூரில் ஒரு வீட்டில் பழையது 8,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போனோம். முன்னும் பின்னும் ஸ்பிரிங், 21 கியர், தடித்த டயர், கண்ணைப் பறிக்கும் பெயிண்ட். டயரை அமுக்கிப் பார்த்தேன், பெல் அடித்துப் பார்த்தேன், பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம், பேத்தமங்கலா போகும் சாலையில் ஓர் இறக்கத்தில், ஹேண்டில்பாருக்குச் சற்றுக் கீழே ஃபிரேம் குழாய் முறிந்து பையன் விழுந்தான். காறை எலும்பு முறிந்து இரண்டு மாதம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான். அன்று மாலை அந்த முறிவை எடுத்துப் பார்த்தேன். பாதிப் பரப்பு அழுக்கேறிக் கறுத்திருந்தது, மீதிப் பாதி வெள்ளியாக மின்னியது. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். விரிசல் பழையது, முறிந்தது மட்டும்தான் அன்றைக்கு. விரிசல் இருந்த இடத்தின்மேல் அழகான ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதை நகத்தால் கீறிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்காகப் பழைய சைக்கிளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதுதான் சரியான வழி என்பது இன்றும் என் கருத்து. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, இந்த ஊரில் எத்தனையோ வீடுகள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறவர்களின் சம்பளத்தில்தான் நடக்கின்றன. ஒரு மாதச் சம்பளத்தைச் சைக்கிளில் போட நம்மால் முடியாது. அதே பெங்களூரில், 2020 ஊரடங்குக் காலத்தில் ஆசையாக வாங்கிப் பத்து நாள் ஓட்டிவிட்டு, பால்கனியில் நிறுத்திய நல்ல சைக்கிள்கள் பாதி விலைக்கும் குறைவாக விற்பனைக்கு வருகின்றன. அதை வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. என் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போய்வந்த சைக்கிளும் இரண்டாம் கை வண்டிதான். இருபது வருடம் உழைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைச் சைக்கிள் என்ற இனமே பழைய சைக்கிளில் பிறந்ததுதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதியில் தமல்பாயிஸ் என்றொரு மலை இருக்கிறது. (பெயரில் தமிழ் ஒலிக்கிறதே என்று மகிழ வேண்டாம், நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!) 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர், 1930-களிலும் 40-களிலும் செய்த தடித்த டயர் சைக்கிள்களைச் சல்லிசாகத் தேடி வாங்கி, மண் பாதையில் மலையிறங்கினார்கள். 1976-ல் பந்தயமே வைத்தார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கர ஹப்பில் இருக்கும் பிரேக் சூடேறி கிரீஸ் எல்லாம் புகைந்து போகுமாம். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர் வந்தது. பழைய ஃபிரேம்கள் தாங்கவில்லை என்பதைக் கண்ட பிறகு, 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் அதற்கென்றே புது ஃபிரேம் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது. இந்த வரலாற்றில் நமக்கொரு பாடம் இருக்கிறது. அவர்கள் கியர் எத்தனை என்று எண்ணவில்லை, எந்த உறுப்பு தாங்கும், எது தாங்காது என்று பார்த்தார்கள்.

நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் கேள்வி, பிள்ளை எங்கே ஓட்டப் போகிறான் என்பது. ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஆண்டர்சன்பேட்டை, மாரிகுப்பம், பேத்தமங்கலா ஏரி, கோடிலிங்கேஸ்வரர் கோயில் என்றால் மேடு பள்ளமான தார் ரோடும் மண் ரோடும்தான். சயனைட் மேட்டில் ஏறி ஓட்ட வேண்டும் என்று சில பையன்கள் ஆசைப்படுகிறார்கள். அது மலையல்ல, தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு மண். அந்தத் தூசி மூச்சுக்கு நல்லதல்ல. சுற்றுப்புறத்தில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும் உண்டு. அங்கே வேண்டவே வேண்டாம் என்று பெற்றோர் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நம் சாலைகளுக்குப் பின்பக்க ஸ்பிரிங் தேவையில்லை. மலிவான வண்டியில் அது எடையைக் கூட்டி, மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மூட்டுகள் தேய்ந்தால் பின்பக்கம் ஆட்டம் காணும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முன்னால் மட்டும் ஸ்பிரிங் உள்ளதோ, ஸ்பிரிங்கே இல்லாததோ போதும். 21 கியர் என்பதும் முன்னால் 3, பின்னால் 7 என்று பெருக்கிச் சொல்லும் கணக்கு. அதில் பல ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

அடுத்தது அளவு. வண்டியின் மேல் குழாய்க்கு இருபுறமும் காலைப் போட்டு, இரண்டு பாதமும் தரையில் படிய நிற்கும்போது, உடம்புக்கும் குழாய்க்கும் இடையே 2 அங்குலமாவது இருக்க வேண்டும். "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரிதாக வாங்காதீர்கள். நாம் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகினோம் என்பது உண்மைதான். அன்று தெருவில் லாரி ஓடவில்லை.

இனிச் சோதனை. ரயில் நிலையத்துக்குள் வண்டி நுழையும்போது இருபுறமும் எங்கள் ஆட்கள் குந்தி உட்கார்ந்து, ஓடும் சக்கரங்களைக் கண்ணால் பார்த்துக் காதால் கேட்பார்கள். அதைப் போல, விற்பவரை முதலில் ஓட்டி வரச் சொல்லி நீங்கள் நின்று கவனியுங்கள். கடகட, கிறீச் என்ற எந்த ஓசைக்கும் ஒரு காரணம் இருக்கும்.

பிறகு ஈரத் துணியால் ஃபிரேமை நீங்களே துடையுங்கள். ஹேண்டில் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றிய இடம், பின் சக்கரம் மாட்டும் இடம், இந்த மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்ட் சுருங்கியோ கொப்பளித்தோ இருந்தால் வண்டி எதிலோ மோதியிருக்கலாம். மயிரிழைக் கோடு தெரிந்தால் விரிசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடங்களில் ஸ்டிக்கர் இருந்தால், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். இரும்பு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். அலுமினியமோ உலோகச் சோர்வினால் உள்ளுக்குள் விரிசல் வளர்ந்து ஒரு நாள் திடீரென்று விட்டுவிடும். முன் ஃபோர்க்கை அழுத்தி விடுங்கள். தட்டாமல், சிக்காமல், எண்ணெய் கசியாமல் மேலே வர வேண்டும்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்றால் ஹேண்டில் கப்பில் ஆட்டம் இருக்கிறது. பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் அச்சின் தேய்மானம் தெரியும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் கோட்டமாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்போக்குகளை விரலால் மீட்டினால், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். எண்ணெய் பிரேக்காக இருந்தால் கைப்பிடியைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளே போனால் கோளாறு.

செயினுக்கு ஓர் இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால், 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், அதற்கும் செலவு வைக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தபின் முடிவெடுப்பது எளிது. ஃபிரேமிலோ ஃபோர்க்கிலோ பழுது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மற்றதெல்லாம் விலை பேசும் விஷயம். செயின், டயர், பிரேக் கட்டை, கோட்டம் எடுக்கும் கூலி என்று என்ன ஆகும் என்பதைச் சைக்கிள் கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே கூட அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் 200, 300 ரூபாய் வீண் போகாது. பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் நம்பரை பில்லோடு ஒப்பிடுங்கள். பில் இல்லையென்றால் நம்பரைக் குறித்து விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். திருட்டு வண்டி நம் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது.

வெளியூரில் வந்து குடியேறிய நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நமக்குக் கிடைக்காதது பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று, பார்ப்பதற்குப் பெரிதாக இருப்பதை வாங்கிக் கொடுக்கிறோம். நானும் அந்த 21 கியரையும் இரட்டை ஸ்பிரிங்கையும் அப்படித்தான் வாங்கினேன். அன்று கால் மணி நேரம் குனிந்து பார்த்திருந்தால் பையனுக்கு அந்த வலி வந்திருக்காது.

நம் சங்கத்தாருக்கு ஒரு யோசனை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க வாசலில் பிள்ளைகளின் சைக்கிள்களைச் சோதித்துக் கொடுக்கலாம். ரயில்வேயிலும் சுரங்கத்திலும் ஸ்பேனர் பிடித்த கைகள் நம் ஊரில் இன்னும் எத்தனையோ வீட்டில் சும்மா இருக்கின்றன. முதல் ஆளாக நான் வருகிறேன். பேரனும் வருவான். இப்போது அவனிடம் பின் ஸ்பிரிங் இல்லாத, பெயிண்ட் மங்கிய, 6,000 ரூபாய் வண்டி ஒன்று இருக்கிறது. அதன் ஃபிரேமை அவன்தான் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்து எடுத்தான்.