கொடுக்கல் வாங்கல்: “முடிந்தது” என்று யார் சொல்வது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவில் ஒரு வீட்டுத் தகராறு ஜமாஅத்துக்கு வந்தது. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் பணிபுரிபவர். கட்டட வேலையை இங்கிருந்து கவனித்தவர் அவருடைய மாமனார். ஒப்பந்தக்காரரும் நம் ஊர்க்காரர்தாம்; பஜ்ருத் தொழுகையில் முன் வரிசையில் நிற்பவர். 22 இலட்ச ரூபாய் ஒப்பந்தத்தில் இரண்டரை இலட்சம் பாக்கி. பேசித் தீர்க்கும்படி மூவரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

“ரமளானுக்கு முன்பே சாவியைக் கொடுத்துவிட்டேன். துஆ ஓதிக் குடிபுகுந்து விருந்தும் வைத்தார்கள். இன்னும் என்ன முடியவில்லை? ஏழு பேருக்கு மூன்று வாரக் கூலி நிற்கிறது. அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?” என்றார் ஒப்பந்தக்காரர்.

மாமனார் அமைதியாகவே பேசினார். “மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது. குளியலறைத் தண்ணீர் குழிவாய்க்குப் போகாமல் கதவுப் பக்கம் வருகிறது. என் மகள் தினமும் துடைப்பத்தால் தள்ளுகிறாள். இதற்குப் பெயர் முடிந்த வேலையா, தம்பி?”

இருவரும் சொன்னது உண்மை. அதுதான் எங்களுக்குத் தர்மசங்கடமாக இருந்தது. ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தோம். நான்கு பக்கம். சிமெண்டு எது, கம்பி எத்தனை மில்லிமீட்டர், அஸ்திவாரம் எத்தனை அடி, முன்பணம் எவ்வளவு என்று எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. முடிவைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி: வேலை முடிந்ததும் மீதித் தொகை கொடுக்கப்படும். முடிந்தது என்று எதைக் கண்டு அறிவது, யார் அறிவது, எத்தனை நாளில் அறிவது? ஒன்றுமே இல்லை.

நம் மார்க்கம் இந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் 2:282ஆம் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம் என்பதை அறிவீர்கள். சூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்களுக்கும் மத்யன் நகரத்துப் பெரியவருக்கும் நடந்த உடன்படிக்கையை (28:27, 28) இந்தக் கண்கொண்டு மீண்டும் ஓதிப் பாருங்கள். எட்டு ஆண்டு ஊழியம் கடமை; பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். சிரமப்படுத்த விரும்பவில்லை என்று பெரியவர் சொல்லிவிடுகிறார். இரண்டில் எந்தத் தவணையை நிறைவேற்றினாலும் தம் மீது குற்றமில்லை என்று மூஸா (அலை) அவர்கள் உறுதிப்படுத்திக்கொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்குகிறார்கள். ஊழியம் தொடங்கும் முன்பே அது முடியும் இடம் பேசப்பட்டுவிட்டது. கடமை எது, உபகாரம் எது என்பதும் பிரித்துச் சொல்லப்பட்டுவிட்டது. அவர்கள் பத்தாண்டையே நிறைவு செய்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம்.

ஃபிக்ஹு நூல்கள் இன்னும் நுட்பமாகச் செல்கின்றன. கூலி வேலையைக் காலத்தைக் கொண்டு அளக்கலாம்; செயலைக் கொண்டும் அளக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, “இந்தத் துணியை இன்று பகலுக்குள் தைத்துக் கொடு” என்றால், அந்த ஒப்பந்தம் செல்லாது என்பதே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் தரும் வலுவான கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தும் அதுவே. அவர்களுடைய மாணவர் இருவர், காலத்தைச் சொன்னது அவசரப்படுத்தவே என்று கொண்டு அனுமதித்தார்கள். தடுத்ததற்குக் காரணம் எளியது. நண்பகலிலேயே தைத்து முடித்தால் மாலை வரை அவன் கட்டுப்பட்டவனா? மஃரிபு வரை தைத்தும் முடியாவிட்டால் அவனுக்குக் கூலி உண்டா? பொருளும் சேர்த்து வீடு கட்டித் தருவது வேறு வகை ஒப்பந்தம்தான். ஆனாலும் எங்கள் முன் கிடந்த தாளில் “ஆறு மாதத்தில் முடித்துத் தருவது” என்ற வரியைப் படித்தபோது அந்தத் தையற்காரர் நினைவுக்கு வந்தார்.

ஆகவே வீடு கட்டுவோர் முடிவைக் கண்ணால் காணக்கூடிய சோதனையாக எழுதுங்கள். மாடியின் தண்ணீர்க் குழாய்வாயை அடைத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் நிறுத்தி, கீழே அறையின் மேற்கூரையைப் பாருங்கள். பிறகு திறந்துவிட்டால் குட்டை நிற்காமல் வடிய வேண்டும். குளியலறையிலும் ஒரு வாளி ஊற்றிப் பார்ப்பது போதும். சென்டிரிங் பலகையும் இடிபாடும் மனையைவிட்டு அகன்றிருக்க வேண்டும். யார் வந்து பார்ப்பார் என்று ஒருவரைக் குறிப்பிடுங்கள். சொல்லியனுப்பிய பத்து நாளுக்குள் அவர் வந்து குறை சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும் என்றும் எழுதுங்கள்; வேலை செய்தவரை வருடக்கணக்கில் வாசலில் நிறுத்துவதும் அநீதியே. அரசுக் கட்டட வேலைகளில் ஒரு சிறு பங்கைப் பிடித்து வைத்துக் குறிப்பிட்ட காலம் சென்றபின் கொடுப்பார்கள். நாமும் நூற்றுக்கு ஐந்தை, வீடு ஒரு வடகிழக்குப் பருவமழையைக் காணும் வரை, நாள் குறித்து நிறுத்தலாம். ஆனால் கூலியாட்களின் பங்கை அதில் சேர்க்காதீர்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியை எல்லாரும் சொல்கிறோம். பாக்கி நிற்கும் இடத்தில்தான் அது மறந்துபோகிறது.

பாதியில் பிரிய நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். இருவரும் சேர்ந்து அளந்து கணக்குப் பார்த்தல், இறங்கிய செங்கல் யாருக்கு என்பது, முன்பணக் கழிவு எல்லாம் அதில் அடங்கும். மரணத்தைப் பேச நாம் கூசுகிறோம். ஒப்பந்தம் செய்தவருள் ஒருவர் மவுத்தானால் இஜாரா முடிந்துவிடும் என்பது ஹனஃபி மத்ஹபு. முடியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஒரே தெருவில் இரு மத்ஹபினரும் வாழும் ஊர்களில் இதை எழுதாமல் விட்டால் வாரிசுகளுக்கிடையே வழக்குத்தான் மிஞ்சும்.

வீட்டை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? பல ஜமாஅத்துகளில் இமாமை நியமிக்கும்போது சம்பளத்தையும் வீட்டையும் பேசுகிறோம். விலக்கும்போது எத்தனை மாத முன்னறிவிப்பு, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும் வரை அந்த வீட்டில் இருக்கலாமா என்பதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? நிர்வாகம் மாறியதும் ஒரே வாரத்தில் பெட்டி படுக்கையுடன் ஓர் ஆலிமின் குடும்பம் பேருந்து நிலையத்தில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளிவாசலின் தரைக்குப் பளிங்கு பதித்த ஒப்பந்தம் ஆறு பக்கம்.

எங்கள் வழக்குக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பின் மாடியில் தண்ணீர் நிறுத்தினோம். மறுநாள் அஸர் வரை கூரையில் கசிவில்லை. ஒப்பந்தக்காரர் முகம் மலர்ந்தது. திறந்துவிட்டதும் வடமேற்கு மூலையில் குட்டை நின்றது. அவரே குனிந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஒன்றரை இலட்சத்தை உடனே கொடுக்கவும், அதில் கூலிப் பாக்கியை எங்கள் முன்னிலையிலேயே பட்டுவாடா செய்யவும், மீதியை மாடிச் சரிவும் குளியலறைத் தரையும் சீரான பின் கொடுக்கவும் முடிவு செய்தோம். சீராக்க இரண்டு மாதமானது. இருவரும் ஸலாம் சொல்லிக்கொள்ள அதைவிட அதிக நாளாயிற்று.

சென்ற மாதம் அந்த மாமனார் சுற்றுச்சுவர் கட்டுவதற்கான ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார். அதே ஒப்பந்தக்காரர்தாம். வேலை எப்போது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பது முதல் பக்கத்திலேயே பன்னிரண்டு வரியில் இருந்தது. கீழே இருவர் கையொப்பமும் இருந்தன. சுவரின் உயரத்தை எழுதத்தான் மறந்திருந்தார்கள்.