பனிக்காலணியும் தினப்படியும்

டென்னிஸ் மட்டைக்கும், பனியில் புதையாமல் நடக்க உதவும் காலணிக்கும் பிரெஞ்சில் ஒரே பெயர்தான்: ராக்கெத். பிரெஞ்சு வழியில் படித்த நாளில் எங்களுக்குத் தெரிந்தது மட்டை மட்டும். காலணியைப் பிற்பாடு ஒரு படத்தில்தான் பார்த்தேன். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அத்திக்கமேக் பழங்குடியினர் பனிக்காலணி செய்வதைப் பற்றி பெர்னார் கோஸ்லேன் 1973இல் எடுத்த படம் அது.

அந்த வேலை காட்டில் தொடங்குகிறது. கணு இல்லாமல் நேராக வளர்ந்த பிர்ச் மரத்தைத் தேடி வெட்டி, நார் ஓடும் போக்கிலேயே பிளக்க வேண்டும். நார் அறுபட்டால் வளைக்கும்போது சட்டம் முறிந்துவிடும். வளைந்த கத்தியைத் தன் பக்கமாக இழுத்துச் சீவி, சூடும் ஈரமும் காட்டி இளக்கி, வளைத்துக் கட்டிக் காயவிடுகிறார்கள். பிறகு, மயிர் நீக்கிய பதனிடாத மான் தோலை நீண்ட வாராக அறுத்து, ஈரத்தோடு பின்னுகிறார்கள். காய்ந்ததும் வார் சுருங்கி விண்ணென்று நிற்கும். காலடி படும் நடுப்பகுதிக்குத் தடித்த வார். முன்னும் பின்னும் மெல்லிய வார். பெரும்பாலும் சட்டம் ஆண்கள் வேலை, பின்னல் பெண்கள் வேலை.

கடையில் அலுமினியத்தில் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்பீர்கள். அலுமினியக் காலணியில் குறையில்லை. ஆனால் எந்த மரம் வளையும், எந்தத் தோல் எங்கே தாங்கும் என்ற அறிவு அதை வாங்குகிறவருக்கு வராது. படம் எடுத்தாயிற்று, அருங்காட்சியகத்தில் வைத்தாயிற்று, கலை பிழைத்துக்கொண்டது என்பதையும் நான் ஏற்கவில்லை. படம் பார்த்து யாருக்கும் கத்தி பிடிக்க வராது. பனியில் நடக்கிறவர் இருந்தால்தான் செய்கிறவரும் இருப்பார்.

அத்திக்கமேக் மக்களுக்கு வடக்கே வாழும் க்ரீ மக்கள் 1975இல் அரசுகளோடு ஜேம்ஸ் விரிகுடா ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வேட்டையாடி வாழும் குடும்பங்களுக்கு, காட்டில் கழித்த நாட்களைக் கணக்கிட்டுப் பணம் தருகிறார்கள். கோப்புகளோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன், பொன்னாடையும் விருதும் ஒரு மாலைப் பொழுதோடு சரி. தினப்படிதான் ஒருவரைக் காட்டிலேயே நிறுத்தும். அங்கே இருப்பவருக்குக் காலணி தேவைப்படும். தேவை இருந்தால் பேரனும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வான்.

பணம் மட்டும் போதுமா? போதாது. மரம் வெட்டும் தொழிலால் கியூபெக் காடுகளில் கரிபு மான்கள் குறைந்துவிட்டன. மரமும் மானும் போனபின் எதைக் கொண்டு செய்யச் சொல்வது? கைத்தொழிலைக் காப்பதைக் கலாசாரத் துறையோடு நிறுத்தக் கூடாது. வனத்துறையின் கோப்பிலும் அதற்கு ஒரு பக்கம் வேண்டும்.