மலிவான சார்ஜர் விளைவித்த நஷ்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலணித் தொழிற்சாலையொன்றில் பேட்டர்ன் வரையும் என் மகன், 60,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கிய லேப்டாப்பின் சார்ஜர் பழுதானதும், வேலையின் அவசர நிமித்தம், ஆம்பூர் பஜாரில் 400 ரூபாய்க்கு வேறொன்றை வாங்கி வந்தான். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று அசலைப் போலவே அச்சிட்டிருந்த அது, கையிலெடுத்தால் கனமே இல்லாதிருந்தது. லேப்டாப்பின் உலோக விளிம்பைத் தொட்டபோதெல்லாம் விரல் நுனியில் விர்ரென்று ஓர் அதிர்வு ஓடியது. பத்தாம் நாள் இரவு, கருகிய வாசனையோடு சார்ஜரும், கூடவே மதர்போர்டும் போயின.

மெக்கானிக் சார்ஜரைப் பிரித்துக் காட்டினார். ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு. மூன்றாவது பின்னுக்கு எர்த் ஒயரே இல்லை. 230 வோல்ட் பாயும் பகுதிக்கும் லேப்டாப்புக்குச் செல்லும் பகுதிக்கும் இடையே ஒரு நெல்மணி அகலந்தான் இடைவெளி. அந்த இடைவெளியை நம்பியல்லவா என் பிள்ளை இரவெல்லாம் லேப்டாப்பின்மேல் கை வைத்து வேலை செய்தான் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் பெரியவர்கள் வாழும் ஊர் இது. உயர்ந்த தோலில் மட்டமான பசை சேர்ந்தால் ஏற்றுமதிச் சரக்கு முழுவதும் திரும்பிவிடும் என்பதை வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை அறியாதவர் இல்லை. விலையுயர்ந்த லேப்டாப்பில் மட்டமான சார்ஜர் சேர்வதும் அப்படித்தான். மத்திய அரசின் ஆணைப்படி, இத்தகைய அடாப்டர்கள் இந்திய தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்று, ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எண்ணைத் தாங்கியிருத்தல் அவசியம். வியாபாரிகள் அவ்வெண்ணை ரசீதில் குறித்துத் தரவும், அதிகாரிகள் கடைகளைப் பரிசோதிக்கவும் தங்கள் பத்திரிகை வற்புறுத்த வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், ஆம்பூர்