ஓர் அறையில் இருபத்துமூவர்

சென்ற இதழ் வெளிவந்த மறுவாரம் அன்பர் ஒருவர் நம்மை வழியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "என் மகளும் எதிர்வீட்டுப் பையனும் ஒரே நாளில்தான் சங்கத் தமிழ் வகுப்பில் சேர்ந்தார்கள். அவன் பத்திரிகைத் தலைப்பை வாசிக்கிறான். இவள் இன்னும் உயிர்மெய்யில் நிற்கிறாள். குறை பிள்ளையிடமா, வாத்தியாரிடமா? சொல்லிவிடுங்கள், சார்" என்றார். வாத்தியார் என்று அவர் குறித்தது நம்மையே. இரயில்வே அலுவலகத்தில் ஆறு நாள் கணக்கெழுதிவிட்டு ஏழாம் நாள் சுண்ணக்கட்டி பிடிப்பவர் நாம். ஆசிரியப் பயிற்சி பெற்றோம் அல்லோம். எனவே அவருக்கு அங்கேயே விடை சொல்ல இயலவில்லை. ஈண்டுச் சொல்ல முயல்வோம்.

நாகபுரியில் நம் வகுப்பு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நடைபெறுவது. ஆறு வயது முதல் பதின்மூன்று வரை இருபத்துமூன்று பிள்ளைகள். ஒரே அறை, ஒரே கரும்பலகை. அனைவரும் தமிழ்ப் பிள்ளைகள்தாமே, அகரத்திலிருந்து தொடங்கினால் அனைவரும் ஒருங்கே நடப்பர் என்று தொடக்கத்தில் நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் நிலைக்கவில்லை.

மராத்தி படிக்கும் பிள்ளைக்கு 'ள' எளிது. அம்மொழியில் அவ்வொலியும் உண்டு, அதற்கு எழுத்தும் உண்டு. இந்தி மட்டும் பயின்ற பிள்ளை 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்றே வாசிக்கும். 'ழ' இருவருக்கும் புதிது. (சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளைகளுக்கும் அது புதிதாகவே இருப்பதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை 'காகம்' என்னும் சொல்லில் முதற் ககரத்தை ஒருவாறும் இடைக் ககரத்தை வேறுவாறும் தானே ஒலித்துவிடும். வீட்டில் இந்தியே புழங்கும் பிள்ளையோ, "இரண்டு ஒலிக்கு ஏன் ஒரே எழுத்து?" என்று கேட்கும். கேள்வி நியாயமானது, அதை மந்தம் என்று எவரும் சொல்லார்.

அன்பர் குறிப்பிட்ட எதிர்வீட்டுப் பையன் கரக்பூரிலிருந்து வந்தவன். அங்கே வங்காளம் பயின்றவன். வங்க எழுத்திலும் எகரக் குறி மெய்க்கு முன்னே நிற்கும். ஒகரக் குறி மெய்யின் இருபுறமும் அணைத்து நிற்கும். ஆகவே நம் 'கொ', 'கோ' அவனை மருட்டவில்லை. மற்றவர் பல வாரம் தடுமாறிய இடத்தை அவன் ஒரே காலையில் கடந்தான். அன்றியும் அவன் தாத்தா நாள்தோறும் செய்தித்தாளை உரக்கப் படிப்பவர். அன்பரின் மகள் வீட்டில் தமிழ் ஏடு ஒன்றும் இல்லை. அவள் அறிவில் குறைந்தவள் அல்லள். அவள் புறப்பட்ட நிலையம் வேறு.

இவையெல்லாம் எளிய வேற்றுமைகள். எளிதல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது நம் பிழை.

சென்ற ஆண்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். வாய்ப்பேச்சில் வல்லவன். பாட்டி சொன்ன கதைகளைக் குரல் மாற்றிச் சொல்லுவான். எழுதச் சொன்னால் கையும் கண்ணும் பிணங்கும். நேற்று அறிந்த 'ற'கரத்தை இன்று அறியான். சொல்லின் எழுத்துக்கள் முன்பின்னாக மாறிவிழும். ஐம்பது முறை எழுதுக என்றோம். எழுதினான், அடுத்த ஞாயிறு அதே நிலை. அப்பொழுது நாம் நன்னூலைப் புரட்டிக்கொண்டிருந்த சமயம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பாயிரத்தில் மாணாக்கர் எண்வகையாகக் காட்டப்படுகின்றனர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், நிறைய மேய்ந்து பின் அசைபோடும் பசுவும் முதல் வரிசை. உழைப்பிற்கேற்பத் தரும் மண்ணும், சொன்னதையே சொல்லும் கிளியும் இடை வரிசை. ஓட்டைக் குடமாகிய இல்லிக்குடமும், செடிக்குச் செடி தாவும் ஆடும், நீரைக் கலக்கும் எருமையும், நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரியும் கடை வரிசை. படித்த புதிய பெருமையில், அச்சிறுவனை வகுப்பின் முன்னே "இல்லிக்குடம்" என்று சொல்லிவிட்டோம். பிள்ளைகள் சிரித்தனர். நாமும் சிரித்தோம்.

அவன் மூன்று வாரம் வரவில்லை. நான்காம் வாரம் அவன் தாயார் மட்டும் வந்து வாயிலில் நின்றார். "சார், நீங்கள் வைத்த பெயரைச் சொல்லித்தான் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் கூப்பிடுகிறார்களாம். மூன்று வாரமாக ஒரு கதைகூடச் சொல்லவில்லை" என்றார். பிறகு தணிந்த குரலில், டாக்டர் அவனைச் சோதித்து 'டிஸ்லெக்சியா' என்று முன்பே சொல்லியிருந்ததையும், வெளியே தெரிந்தால் இழிவென்று கணவர் மறைக்கச் சொன்னதையும் கூறினார். நாம் மன்னிப்புக் கேட்டோம். அடுத்த ஞாயிறு சிறுவனிடமும், எந்தப் பிள்ளைகள் முன் அப்பெயரைச் சொன்னோமோ அவர்கள் முன்னேயே, கேட்டோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிஸ்லெக்சியா என்பது அறிவுக் குறைவன்று, சோம்பலும் அன்று. ஒலியையும் எழுத்தையும் இணைத்து வாசிப்பதில் பிறவியிலேயே அமையும் ஓர் இடர்ப்பாடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்வகைக் கற்றல் இடர்ப்பாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. உரிய சான்றிதழ் பெற்ற பிள்ளைக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், வேண்டின் எழுதித்தர ஓர் ஆளும் கிடைக்கும். மறைத்து வைப்பதால் பிள்ளை இழப்பது இவ்வுதவியை.

நன்னூலார்மீது பழியில்லை. அதே பாயிரத்தில் அவர் ஆசிரியர் ஆகத் தகாதவரையும் வகுத்திருக்கிறார். அப்பகுதியை நாம் பின்னர்தான் ஊன்றிப் படித்தோம். போட்ட வரிசையில் அல்லாமல் தாறுமாறாகக் கொட்டும் கழற்காய்க் குடம், ஏறவும் இறங்கவும் விடாத மடற்பனை, திணித்தும் பிடுங்கியும் ஒழிய ஒன்றும் கொள்ளாத பருத்திக் குண்டிகை, ஒருவர் நீர் ஊற்ற மற்றொருவர் முற்றத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. நம் வகுப்பு நடந்த முறைக்கு முதலாவது பொருந்தும்.

இப்பொழுது முறையை மாற்றியிருக்கிறோம். பிரதம் என்னும் தொண்டு நிறுவனத்தார் நாட்டின் பல மாநிலங்களில் கையாண்ட வழி அது. வயதையும் வகுப்பையும் விட்டுவிட்டு, பிள்ளை எழுத்தை அறியுமா, சொல்லை வாசிக்குமா, சிறு பத்தியை வாசிக்குமா, கதையை வாசிக்குமா என்று தனித்தனியே கேட்டு, அதன்படி குழுப் பிரித்துக் கற்பிப்பது. நாமும் கேட்டோம். பன்னிரண்டு வயதுப் பெண் எழுத்துக் குழுவில் ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார நேர்ந்தது. அவள் முகம் சுண்டியதைப் பார்த்து, பெரியவர்களுக்குத் தனிப் பாய் விரித்தோம். இதெல்லாம் நூலில் இராது.

கண்ணால் கற்பவன், காதால் கற்பவன் என்று பிள்ளைகளை முத்திரையிட்டுக் கற்பிக்கும் முறையும் ஒன்றுண்டு. நண்பர் ஒருவர் அதை வற்புறுத்தினார். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் நால்வர் அதுவரை வந்த ஆய்வுகளை ஆராய்ந்து, அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்றில்லை என்று எழுதினர். முத்திரையிட்டுப் பட்டது நமக்குப் போதும், அதை விட்டுவிட்டோம்.

சிறுவனுக்கு ஒரு தட்டில் மணல் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்கிறோம். நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளி வழிதான் இது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், இம்மணல் எழுத்தையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்றே அது இங்கிலாந்தில் பரவிற்று. கரக்பூர்ப் பையனை நாம் சட்டாம்பிள்ளை ஆக்கியிருக்கிறோம், பிரம்பில்லாமல். வேகமாகப் படித்துவிட்டுச் சும்மா இருந்த நாளில் அவன்தான் அறையில் பெருங்குறும்பன். முந்திவிட்ட பிள்ளையையும் நாம் கவனிக்கவில்லை என்பது அதன்பின் விளங்கியது.

சிறுவன் ஆறு மாதத்தில் பன்னிரண்டு சொற்களைத் தடையின்றி வாசிக்கிறான். மற்றவர் ஒரு மாதத்தில் கற்பது அவ்வளவு. சில ஞாயிறு ஒன்பதாகக் குறைகிறது. சென்ற மாதம் முதல் வகுப்பு முடிவில் மீண்டும் கதை சொல்லுகிறான். அதை எழுத்துக் குழுவினர் கேட்டு எழுதுகின்றனர்.

அன்பரின் மகள் இப்பொழுது சொற் குழுவில் இருக்கிறாள். வீட்டில் நாளும் பத்து நிமிடம் அவளுக்கு எதையேனும் தமிழில் உரக்கப் படித்துக் காட்டும்படி அவரைக் கேட்டுக்கொண்டோம். தமக்கே தமிழ் வாசிக்க வராது என்றார். அவரும் ஞாயிறு வரலாம். பெரியவர் பாய் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், வீட்டில் புழங்கும் மொழியையும், பள்ளியில் பயிலும் எழுத்தையும், டாக்டர் சொன்னது ஏதேனும் இருந்தால் அதையும் நம்மிடம் தனியே தெரிவிக்கக் கோருகிறோம்; வெளியே செல்லாது. கதைக் குழுவுக்கு ஆசிரியர் ஒருவர் தேவை. ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒழிவுள்ளவர் முன்வருக. ஊதியம் இல்லை, காப்பி உண்டு.