மூடுபனியில் ஃபிளாஷ்: எந்த டிரிகர் வாங்குவது?

குன்னூர் மலைப்பாதையில் வண்டி ஓட்டும் டிரைவர்கள் மூடுபனி இறங்கியதும் முதலில் ஹைபீமை அணைத்து லைட்டைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஹைபீம் போட்டால் ரோடு தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிரைவர்களுக்குத் தெரிந்த இந்த விஷயம் கேமரா வைத்திருக்கும் பலருக்கு ஏனோ தோன்றுவதில்லை. பனி இறங்கிய மாலையில் கேமராவின் தலையிலேயே ஃபிளாஷைச் சொருகிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அந்த வெளிச்சம் மாப்பிள்ளை பெண்ணைப் போய்ச் சேருவதற்குள், லென்ஸுக்கு எதிரே மிதக்கும் நீர்த்துளிகளைப் பிடித்துவிடுகிறது. ஆல்பம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்!

இதற்கு மருந்து ஒன்றுதான். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஒரு ஸ்டாண்டில் மாட்டிப் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். ஷட்டர் திறக்கும் அதே நொடியில் அதை எரிய வைக்கும் சின்னப் பெட்டிதான் டிரிகர். சமவெளியில் இது ஆடம்பரமாக இருக்கலாம். நீலகிரியில் இது அவசியம். ஆனால் வாங்கப் போகும்போது பெரும்பாலானோர் தப்பான கேள்வியைக் கேட்கிறார்கள். "இதில் என்னென்ன வசதி இருக்கிறது?" என்று கேட்கிறார்களே தவிர, "இந்த மலையில் இது ஒவ்வொரு முறையும் எரியுமா?" என்று கேட்பதில்லை.

டிரிகரில் இரண்டு வகை உண்டு. ஒளியால் பேசுவது, ரேடியோ அலையால் பேசுவது. கேனான் 1998-லும் நிக்கான் 2003-லும் கொண்டுவந்த வயர்லெஸ் முறைகள் ஒளி வகை. கேமராவில் இருக்கும் ஃபிளாஷ் மின்னி மின்னிச் சைகை காட்டும், தள்ளி நிற்கும் ஃபிளாஷ் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு எரியும். கல்யாண மண்டபத்துக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியே போதும், நன்றாக வேலை செய்யும். வெளியே வந்தால் கதை வேறு. உச்சிவெயிலில் அந்தச் சைகை கண்ணுக்குப் படாது. தேயிலைச் சரிவில் ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் ஃபிளாஷை வைத்தால் பார்வைக்கோடே அறுந்துவிடும். எஸ்டேட்டில் படம் எடுப்பவர்களுக்கு இது ஒத்துவராது. ரேடியோதான் சரி.

ரேடியோவிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் டிரிகர் வாங்கிவரச் சொல்வது நம்மூர் வழக்கம். அங்கே விற்ற பாக்கெட்விசார்ட் போன்ற பிரபலமான டிரிகர்கள் 344 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குபவை. ஐரோப்பாவுக்கான மாடல் 433. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் திறந்துவிட்டது. வைஃபை, புளூடூத் எல்லாம் ஓடுவது இதில்தான். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான டிரிகர்களும் இதே அலைவரிசைதான். அதையே வாங்குவது சட்டத்துக்கும் நல்லது, பிறகு ரிசீவர் சேர்ப்பதற்கும் நல்லது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். தண்ணீர் இந்த அலையை விழுங்கும். நனைந்த தேயிலைச் செடிக்குள் ரிசீவரைப் புதைத்து வைத்துவிட்டு "எரியவில்லையே" என்று டிரிகரைத் திட்டிப் பயனில்லை. செடிக்கு மேலே உயர்த்தி வைத்தால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது.

அடுத்தது டிடிஎல். ஃபிளாஷின் அளவைக் கேமராவே கணக்குப் போட்டுக்கொள்ளும் வசதி. விலை ஏறுவதற்கு முக்கியக் காரணமும் இதுதான். படுகர் கல்யாணத்திலும் ஹெத்தையம்மன் பண்டிகையிலும் எங்கு பார்த்தாலும் வெள்ளை உடை. பின்னால் வெள்ளைப் பனி. திரும்பி வரும் ஒளியை வைத்துக் கணக்குப் போடும் டிடிஎல் இதைப் பார்த்து, "வெளிச்சம் அதிகம்" என்று முடிவுகட்டி ஃபிளாஷைக் குறைத்துவிடும். விளைவு, வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டி ஆகிவிடும், முகங்கள் இருண்டுபோகும். பழகிய கை மேனுவலில் ஒரு தடவை அளவு வைத்துவிட்டால், ஃபிளாஷும் ஆளும் இடம் மாறாதவரை நூறு படத்துக்கும் அதே வெளிச்சம். ஊர்வலத்தில் ஓடி ஓடி எடுப்பவருக்கு டிடிஎல் உதவும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் முதல் ஃபிளாஷுக்கு அதற்காகக் காசு கொட்ட வேண்டியதில்லை.

கட்டாயம் காசு கொடுக்க வேண்டிய வசதி வேறு. கேமராவில் இருந்தபடியே ஃபிளாஷின் அளவைக் கூட்டிக் குறைப்பது. சமவெளியில் நாலு எட்டு நடந்து ஃபிளாஷைத் திருகிவிட்டு வரலாம். ஈரமான சரிவில் இருபது மீட்டர் இறங்கி ஏறுவதற்குள் பனி வந்து மூடியிருக்கும், அல்லது வந்த பனி போயிருக்கும்.

பேட்டரியும் சாதாரண விஷயமில்லை. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். சாதாரண ஆல்கலைன் செல் அந்தக் குளிரில் சோர்ந்துபோகும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் செல்கள் அதைவிடத் தாங்கும். டிரிகர் டபுள்-ஏ செல்லில் ஓடுவதாக இருப்பது நல்லது. அவசரத்துக்குப் பெட்டிக்கடையில்கூட வாங்கலாம். விசேஷமான சின்ன செல் கேட்கும் மாடல் என்றால், முகூர்த்த நேரத்தில் கோவைக்கா இறங்க முடியும்?

கடைசியாக, டிரிகர் வாங்குவது ஒரு பொருளை வாங்குவது அல்ல, ஒரு குடும்பத்தில் சம்பந்தம் வைப்பது. ஒரு கம்பெனியின் டிரிகர் பெரும்பாலும் அதே கம்பெனி ஃபிளாஷோடுதான் முழுதாகப் பேசும். கோடாக்ஸ் எக்ஸ் வரிசை மாதிரியானவற்றில் கேமராவின் மேல் மாட்டும் டிரிகர் மட்டும்தான் கேனானுக்கு வேறு, நிக்கானுக்கு வேறு, சோனிக்கு வேறு. நாளைக்குக் கேமராவை மாற்றினால் அந்த ஒன்றை மாற்றினால் போதும், தள்ளி நிற்கும் ஃபிளாஷ்கள் எல்லாம் அப்படியே பயன்படும். ரிசீவர் உள்ளேயே இருக்கும் டிடிஎல் இல்லாத ஃபிளாஷ் இரண்டு, டிரிகர் ஒன்று, எல்லாம் சேர்ந்தாலும் கேமரா கம்பெனியின் உயர்ரக ஃபிளாஷ் ஒன்றின் விலையை எட்டாது. 'அதைவிட மலிவாகவே கிடைக்கிறதே' என்று பெயர் தெரியாத டிரிகரைத் தேடுவது வேறு வகை ஆபத்து.

பி.காம் முதல் வருடத்திலேயே வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் எதை இழக்கிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. பத்து தடவைக்கு ஒரு தடவை எரியாத டிரிகரின் விலை அட்டைப்பெட்டியில் இருக்காது. அந்தப் பத்தாவது தடவை தாலி கட்டும் நொடியாக இருந்தால், அதைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. அதனால் வாங்கும் முன் கடை வாசலுக்கு வந்து, ஃபிளாஷை எதிர் ரோட்டில் பிடிக்கச் சொல்லி ஐம்பது தடவை அடித்துப் பார்க்க வேண்டும். ஐம்பதும் எரிந்தால் வாங்கலாம். நாற்பத்தொன்பது என்றால், எத்தனை வசதி இருந்தாலும் வேண்டாம்.