வழிமறிக்கும் போலீஸாரும் நமது மூட்டைகளும்

திருத்தணிப் பக்கத்திலிருந்து ஆவடி, அம்பத்தூர் வழியாகத் துணிக் கட்டுகளும், பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகப் பூவும் காய்கறியும் நாள்தோறும் நகரத்தை நோக்கிச் செல்கின்றன. விடியுமுன் கோயம்பேட்டை அடையாத பூவுக்கு விலையில்லை. வழியிலே போலீஸார் கை காட்டி நிறுத்தி, மூட்டைகளை அவிழ்க்கச் சொல்வாராயின் அரைமணித் தாமதமும் நஷ்டமே. நிறுத்துவதற்கு ஓர் அளவும் சோதனையிடுவதற்கு வேறோர் அளவும் சட்டத்தில் உண்டு என்பதை நம் அங்கத்தினரிற் பலர் அறியார்.

நிறுத்தச் சொன்னால் நிறுத்தியே ஆகவேண்டும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆவது பிரிவின்படி, சீருடையணிந்த போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் தம் உரிமத்தைக் காட்டக் கடமைப்பட்டவர். 2018 முதல் டிஜிலாக்கர் வழியே கைபேசியில் காட்டுவதும் செல்லும். பெயரையும் விலாசத்தையும் கூற மறுப்பது தகாது. இவ்வளவுக்கே வாதாட நிற்போர் தம் பொழுதையும் பிறர் பொழுதையும் வீணாக்குவோரே.

ஆனால், உரிமத்தைக் கேட்கும் அதிகாரத்திலிருந்து மூட்டையை அவிழ்க்கும் அதிகாரம் தானே பிறந்துவிடாது. குற்றம் நிகழ்ந்ததென்றோ, பொருள் திருட்டுப் பொருளென்றோ ஐயுறத் தக்க காரணம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 105ஆவது பிரிவு, சோதனையையும் பொருளைக் கைப்பற்றுவதையும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையொப்பமிடுவது உட்பட, வீடியோவில் பதிவு செய்ய வேண்டுமென விதிக்கிறது. பெண்ணின் உடலைப் பெண்ணே சோதனையிடலாம். தம்மைக் குற்றவாளியாக்கும் பதிலைச் சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தலாகாதென்பது அரசியலமைப்பின் 20(3) விதி. ஹைதராபாத்தில் 2021 அக்டோபரில் வழிப்போக்கரின் கைபேசியைத் திறந்து, கஞ்சாவைப் பற்றிய செய்தி உண்டா என்று போலீஸார் தேடியது பெருங்கண்டனத்துக்கு இலக்காயிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று சுப்ரீம் கோர்ட் 2017லேயே தீர்ப்பளித்த பிறகு நடந்தது இது!

போலீஸாரைக் குறை கூறவே இதை எழுதுவதாகச் சிலர் எண்ணக்கூடும். நம் துணி களவுபோனால் அதைத் தேடித் தருவோரும் அவர்களே. எனினும் அளவு மீறினால் என்ன நேரும்? 2018 மார்ச் 7ஆம் தேதி திருச்சியை அடுத்த துவாக்குடியில், தலைக்கவசச் சோதனைக்கு நில்லாமற் சென்ற தம்பதியரைத் துரத்தி வண்டியை உதைத்ததாக இன்ஸ்பெக்டர் ஒருவர் கைது செய்யப்பட்டார். கீழே விழுந்த மனைவி உயிரிழந்தார். தலைக்கவசம் அணியாமைக்கு அன்று முதன்முறை அபராதம் 100 ரூபாய்தான். வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு பின்னர் நோட்டீஸ் அனுப்பியிருக்கலாமே.

இனி ரொக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்துடன் செல்வோரைப் பறக்கும் படையினர் நிறுத்தி விசாரிப்பர். பூ விற்ற பணத்தோடு திரும்புவோருக்கு இதனால் வரும் தொல்லை சிறிதன்று. பணத்தைக் கைப்பற்றினால் ரசீது தரவேண்டும். கட்சிக்கோ வேட்பாளருக்கோ சம்பந்தமில்லாத பணத்தை விடுவிப்பதற்கென ஜில்லாதோறும் மூவர் குழுவும் உண்டு. ஆனால் வெறுங்கையோடு சென்றால் குழு என்ன செய்யும்? பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டாமா?

இங்கேதான் நம் சங்கங்கள் அசட்டையாக இருக்கின்றன. சரக்கின் விவரம், அனுப்புவோர், பெறுவோர், கொண்டு செல்பவரின் பெயர், தொகை, தேதி ஆகியவற்றைக் குறித்துச் செயலாளர் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்ப அதிகச் செலவாகாது. ரசீதின்றிப் போன பணத்தை எந்தத் தலைப்பில் எழுதினாலும் தணிக்கையில் நிற்காது. 2022 ஜனவரி முதல் நம் பகுதி ஆவடிப் போலீஸ் கமிஷனரகத்தைச் சேர்ந்தது. முறையற்ற சோதனை நேர்ந்தால் இடம், நேரம், அதிகாரியின் பெயர்ப் பட்டையில் கண்ட பெயர் ஆகியவற்றுடன் அங்கே எழுத்து மூலம் முறையிடலாம். சீட்டுப் புத்தகம் அச்சிடும் விஷயத்தை நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.